நட்டுக்கு நெயில் பாலிஷ்

மதினி வருகிறார் என்பது ஆள் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். வல்லத்திராக்கோட்டை சாலையில் டவுன் பஸ் நின்று கிளம்பும். பிறகு தைலமரக் காட்டுக்குள் சருகு நொறுங்கும் சத்தம், காலை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல். சேவியர் அண்ணன் கையிலிருக்கும் ஸ்பேனரைத் தார்ப்பாயில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வைடா. செக்கிங் வருது."

கொட்டகை வாசலில் மதினி செருப்பைக் கழற்றுவார். குடத்தில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றிக்கொள்வார். யாரையும் நலம் விசாரிப்பதில்லை. நேரே விமானத்தின் மூக்குப் பக்கம் போய்க் குந்தி, இஞ்சினைத் தாங்கும் சட்டத்தின் முதல் நட்டில் ஆட்காட்டி விரலை வைப்பார். வைத்த பிறகுதான் பேச்சு வரும்.

"டீ இருக்கா?"

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவர். இரவு டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், மகளுக்குத் தலைபின்னி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, படுக்காமல் பஸ் ஏறி இங்கே வருவார். அவரை நான் தூங்கித் தெளிந்த முகத்தோடு பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கருமை இருக்கும். ஆனால் அந்த விரல் மட்டும் தூங்காது.

சேவியர் அண்ணன் என் பெரியம்மா மகன், மதினியின் கணவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அங்கிருந்து திரும்பியதும் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றார். ஓட்டுவதற்கு விமானம் வேண்டுமே. வரைபடம் வரவழைத்து, முந்திரிக்கொட்டை போட்டுவைக்கும் தகரக் கொட்டகையைக் காலி செய்து, தானே கட்ட ஆரம்பித்துவிட்டார். அலுமினியக் குழாய், துணி போர்த்திய சிறகு, ஒரே ஓர் ஆள் உட்காரும் இருக்கை. நான் அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பதினாறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் இருந்தேன். இரண்டே நாளில் கொட்டகையில் குடியேறினேன். விமானத்தைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாததையெல்லாம் நான் செல்போனில் பார்த்துச் சொல்வேன். எனக்கு எல்லாமே சீக்கிரம் வேண்டும். அடுத்த மாதம் பறந்துவிடலாம் என்று மாதாமாதம் சொன்னவன் நான்தான்.

மதினிக்கு விமானத்தில் ஆசை இருந்ததாக நினைவில்லை. சிறகை ஒருமுறைகூடத் தடவிப் பார்த்தவர் இல்லை. அவர் இதற்குள் வந்தது ஒரு நட்டால்.

முதன்முதலாக இஞ்சினை ஓடவிட்ட நாள். கொட்டகை அதிர, தகரமெல்லாம் கூடவே கத்தியது. பத்து நிமிடம் கழித்து நிறுத்தினோம். நானும் அண்ணனும் கட்டிப்பிடித்துக் கொண்டோம். மதினி சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அவர் தார்ப்பாயில் குனிந்து ஒரு சிறிய நட்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது எங்கேருந்து விழுந்துச்சு?" என்றார்.

"ஏதாச்சும் பழசா இருக்கும்," என்றார் அண்ணன்.

"பழசுன்னா யாரு பாத்தா?"

"ஒரு நட்டுத்தானே, விடு. நூத்துக்கணக்குல இருக்கு."

மதினி சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவில்லை. தியேட்டரில் வயிற்றைத் தைப்பதற்கு முன் துணித்துண்டுகளையும் கத்தரிகளையும் எண்ண வேண்டுமாம். ஒருவர் எண்ண, இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். எவ்வளவு பெரிய டாக்டரானாலும் சரி. இதைக் கதை மாதிரிச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, இஞ்சின் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் தேடினோம். புகைக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் பட்டையில் நட்டு இல்லாமல் போல்ட் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்க்கு நேர் முன்னால்தான் விமானத்தின் காத்தாடி. இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் குழாய் கழன்று காத்தாடியில் விழுந்திருக்கும்.

"இப்ப சாப்பிடலாம்," என்றார் மதினி. சோறு ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம் வந்தபோது ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் வாங்கி வந்திருந்தார். ரத்தச் சிவப்பு. நர்ஸுகள் நகத்தில் பூச்சுப் போடக் கூடாது, கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாங்கிய முதல் பாட்டில் அதுதான் என்று அண்ணன் கிண்டல் செய்தார். யோசனை நான் கொடுத்தது. நட்டை இறுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து குழாய் வரைக்கும் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். நட்டு கொஞ்சம் சுழன்றாலும் கோடு ஒடிந்து இரண்டாகத் தெரியும். வெளிநாட்டில் இப்படி வீட்டில் விமானம் கட்டுபவர்கள் நெயில் பாலிஷைத்தான் பூசுகிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னேன். சொன்னதோடு நான் மறந்துவிட்டேன். மதினி மறக்கவில்லை.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். அண்ணன் டார்க் ரெஞ்சைப் பிடித்து இறுக்குவார். சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை மதினி தன் காதால் கேட்க வேண்டும். கேட்டால்தான் கோடு.

"நான் நேத்தே இறுக்கிட்டேன்."

"யாரு பாத்தா?"

"நான்தான் இறுக்குனேங்கிறேன். நான் பாக்காமலா?"

"நீங்க இறுக்குனீங்க. பாத்தது யாரு?"

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ரெஞ்சை வைப்பார். டக். கோடு. இப்படியே நூற்று எண்பத்தாறு நட்டு. ஒரு பழைய பள்ளி நோட்டில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தார் மதினி.

ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வரும் பொன்னம்மா ஒருநாள் வாசலில் நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தார். "என்னா தாயி, வண்டிக்கு மருதாணி வைக்கிறியளா? எப்ப சமைஞ்சிச்சு?" என்றார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மதினி சிரிக்காமல் எண்பத்து மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு, "தலைக்கு ஊத்துறப்ப சொல்லி அனுப்புறேன், சீரோட வாங்க," என்றார்.

அவரைக் குறைசொல்லும் வாய்ப்பு எனக்கும் ஒருமுறை கிடைத்தது. சில போல்ட்டுகளுக்குக் கோடு மட்டும் போதாது. தலையில் துளை இருக்கும், அதில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு பிணைத்துவிட வேண்டும். அதற்கென்று தனி முறுக்குக் குறடு இருக்கிறது. மதினி அது வேண்டாம் என்று, மருத்துவமனையில் கழித்துப் போட்ட ரத்தக்குழாய்க் கிடுக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அதால் முறுக்குவார். தையல் போட்டது போல அவ்வளவு அழகாக இருக்கும். நான் போய்ப் பார்த்தேன். பதினொரு கம்பியும் திசை மாறியிருந்தது. கம்பி போல்ட்டை இறுகும் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், இவை தளரும் பக்கமாக இழுத்தன. கட்டாமல் விட்டிருந்தாலே தேவலை. நான் கொஞ்சம் குஷியோடுதான் சொன்னேன். மதினி குனிந்து பார்த்தார். "ஆமா," என்றார். அவ்வளவுதான். பதினொன்றையும் வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதியில் சிறகுக்கு அடியிலேயே, கிடுக்கி கையில் இருக்க, தூங்கிப்போனார். நாங்கள் எழுப்பவில்லை. தானாக விழித்து, விட்ட கம்பியிலிருந்து தொடர்ந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் வளையம் வைத்த நட்டு ஒருவகை உண்டு. அதிர்வுக்குக் கழலாது. ஆனால் ஒருமுறை கழற்றிவிட்டால் அந்த வளையத்தின் பிடி போய்விடும், புதிதுதான் போட வேண்டும். பார்வைக்குப் பழசும் புதுசும் ஒன்றுதான். இதைச் சொன்னபோது மதினிக்கு உடனே புரிந்தது. "ஒருக்கா குத்துன ஊசி," என்றார். ஊசியை மருத்துவமனையில் வெட்டித்தானே போடுவார்கள், யாரும் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்று. அதேபோலக் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் கல்லில் வைத்துச் சுத்தியலால் நசுக்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிடுவார். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கு அலுப்பாக இருந்தது. மூன்று நாளில் முடிய வேண்டியது மூன்று வாரம் ஆனது. மதினியைப் பிடிக்கும். ஆனால் அவர் வராத நாட்களில் வேலை ஓடியது, வந்த நாட்களில் நின்றது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அனுமதிக்கு எழுதிப் போட முடியும். அதற்குள் தைலமரக் காட்டை ஒட்டிய பொட்டலில் இஞ்சினை விரட்டித் தரையில் ஓட்டிப் பழகியதில் எண்ணெயும் செம்மண் தூசியும் படிந்து கோடுகள் மங்கிவிட்டன. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வருகிறார். மதினி டூட்டியில் இருக்கிறார். விடிந்ததும் நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். துணியைத் தின்னரில் நனைத்து நூற்று எண்பத்தாறையும் பளிச்சென்று துடைத்தேன். நூற்று எண்பத்தாறுக்கும், எடுப்பாகத் தெரியட்டும் என்று தடிப்பாக, புதுக் கோடு போட்டேன். ஒரே அகலம், ஒரே நீளம். எனக்கே பெருமையாக இருந்தது.

பொறியாளருக்கும் பிடித்துவிட்டது. "இவ்வளவு நீட்டா யாரும் செய்யறதில்லை," என்று என் தோளைத் தட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த காரிலேயே திரும்பினார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அனுமதி வரும்வரை பறக்கக் கூடாது, தரையில் ஓட்டலாம். அன்றைக்கே பொட்டலில் முழு வேகத்தில் ஓட்டுவது என்று முடிவானது. வால் தூக்கும், சக்கரம் தரையை விடுகிறாற்போல இருக்கும், அவ்வளவு வேகம். ஊரிலிருந்து முப்பது நாற்பது பேர் வந்து வரப்பில் நின்றார்கள். அண்ணன் இருக்கையில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினார்.

அப்போதுதான் சருகுச் சத்தம் கேட்டது.

மதினி கூட்டத்தைக் கடந்து வந்தார். கால் கழுவத் தண்ணீர் இல்லை, வெறுமனே புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மூக்குப் பக்கம் குந்தினார். முதல் நட்டில் விரலை வைத்தார். எடுத்தார். விரல் நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது.

"இது காயவே இல்ல. யாரு போட்டா?"

"நான்தான் மதினி. பழசெல்லாம் மங்கிக் கெடந்துச்சு. தின்னர் வச்சுத் தொடச்சிட்டு..."

"எத்தன?"

"எல்லாம்."

அவர் அடுத்த நட்டிலும் விரலை வைத்து எடுத்தார். "தொடைக்கிறதுக்கு முந்தி ஒவ்வொண்ணாப் பாத்தியா? கோடு நேரா இருந்துச்சா, ஒடிஞ்சிருந்துச்சா?"

அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறார். கணவனுக்குத் தம்பி முறை, படித்தவன் என்று. அன்றைக்குத்தான் முதல் 'நீ'.

"நேராத்தான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன் மதினி."

"நெனைக்கிறே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஓட்டத்தில் எந்த நட்டாவது சுழன்றிருந்தால் அதைச் சொல்லியிருக்கக் கூடியது அந்தப் பழைய கோடு ஒன்றுதான். நான் அழுக்கைத் துடைப்பதாக நினைத்து அதைத் துடைத்துவிட்டேன். சுழன்ற நட்டின் மேலும் நேரான புதுக் கோடு போட்டிருப்பேன். அதைத்தான் பொறியாளர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னடி அங்க?" என்றார் அண்ணன் மேலிருந்து.

"எறங்குங்க. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

"அவரே பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு."

"அவரு பாத்தது இவரு காலைல போட்ட கோட்ட."

"அத்தனையும் நான் இறுக்குனதுடி."

"இல்லைன்னு யாரு சொன்னா?"

"ஊரே வந்து நிக்கிது. பேசாமத் தள்ளிப் போ. தரையிலதானே ஓட்டப் போறேன்."

மதினி எழுந்தார். தள்ளித்தான் போனார். காத்தாடிக்கு நேர் முன்னால் பத்தடி போய், செம்மண்ணில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். தயிர்சோறும் மாங்காய்த் துண்டும். சாப்பிட ஆரம்பித்தார்.

ஆள் உட்கார்ந்திருக்கும்போது காத்தாடியைச் சுற்றவிட முடியாது. அண்ணன் கத்தினார். பிறகு கெஞ்சினார். "ஊருசனம் முன்னாடி மானத்த வாங்காத," என்றார். மதினி ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். கோபம் ஏதும் முகத்தில் இல்லை. இரவெல்லாம் நின்ற ஒருத்திக்குப் பசி, அவ்வளவே தெரிந்தது. வரப்பிலிருந்து பொன்னம்மா, "யாத்தே, காத்தாடி காத்துல ஒக்காந்து சோறு திங்கிறா பாரு," என்றார். சிலர் சிரித்தார்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாக்ஸை மூடி வைத்துவிட்டு மதினி முழங்காலில் தலையைச் சாய்த்தார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அண்ணன் வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினார். ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் ஆனது. ரெஞ்சை வைக்கும்போது நட்டு ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால், அது அசையாமலே ரெஞ்ச் 'டக்' என்னும். அண்ணன் வைப்பார், மதினி கேட்பார், நான் என் அழகான கோட்டை அழிப்பேன். நூற்று முப்பது வரை ஒன்றும் அசையவில்லை. எனக்கு மெல்ல மெல்லத் தைரியம் வந்துகொண்டிருந்தது. நூற்று முப்பத்தொன்று, வாலில் சுக்கானைத் தாங்கும் கீலின் மேல் நட்டு. ரெஞ்ச் கால் சுற்றுப் போய்விட்டுத்தான் 'டக்' என்றது.

அண்ணன் கையை எடுக்கவில்லை. சுக்கான் கழன்றால் விமானத்தைத் திருப்பவே முடியாது என்று மூவருக்கும் தெரியும்.

அது அன்றைக்கு முன்பே தளர்ந்திருந்ததா, முதல் நாள் இறுக்கும்போதே குறைவாக நின்றிருந்ததா, தளர்ந்தது என்றால் எப்போதிருந்து, இன்னும் எவ்வளவு தளரும்? இன்றுவரை தெரியாது. தெரிவதற்கு இருந்த ஒரே வழியில் நான் தின்னர் ஊற்றிவிட்டேன்.

மதினி நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு நெயில் பாலிஷ் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அதுவரை அவர் அதைத் தன் கையால் யாரிடமும் கொடுத்ததில்லை.

"நீங்க போடுங்க. நான் பாக்குறேன்."

மறுபடியும் 'நீங்க'. அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நான் எடுக்கப் போனபோதும், "டீ இருக்கா?" என்றுதான் கேட்டார்.

மதினி இப்போது வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். விமானத்தின் சிறகுகளைக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்திருக்கிறோம். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் நட்டுகளில் கோடு போடுகிறார்கள், மஞ்சள் நிறத்தில். மங்கிய கோட்டின் மேல் எவனாவது புதுக் கோடு போட்டால், பழைய கோட்டைப் பார்த்தது யார் என்று கேட்கிறேன். கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். நானும் களைத்துத்தான் போகிறேன். ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

விமானம் பறந்தது. சிறகைக் கழற்றுவதற்கு முன்னால், அனுமதித் தாள் கையில் கிடைத்த வாரத்தில், காற்று எழாத ஒரு காலையில். மூன்று வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். செல்போனைத் துடைத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் இஞ்சினை விரட்டினார். செம்மண் புழுதி கிளம்பியது. வால் தூக்கியது.

பக்கத்தில் நின்ற மதினி குனிந்து நடக்க ஆரம்பித்தார். விமானம் ஓடிய தடத்தின் வழியே, தலையைத் தூக்காமல், அதே இழுத்த நடையில். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. விழுந்தது ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறார். தனியாக.

ஒருவர் எண்ணினால் இன்னொருவர் பார்க்க வேண்டும். நான் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவர் நிமிரவில்லை. "நீங்க அங்கிட்டுப் பாருங்க, நான் இங்கிட்டுப் பாக்குறேன்," என்றார்.

இடது சக்கரத் தடம் அவருக்கு, வலது சக்கரத் தடம் எனக்கு. கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை, தைலமரக் காய், ஒரு பீடித் துண்டு. தடம் ஓர் இடத்தில் மெலிந்து, விட்டுவிட்டுப் பதிந்து, பிறகு இல்லாமல் போனது. அந்த இடத்தில் நின்றேன். தலைக்கு மேலே இஞ்சின் சத்தம் போனது. வரப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கழுத்து தானாக நிமிரப் பார்த்தது. தடத்துக்கு இரண்டு பக்கமும் இன்னும் பத்தடி பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன்.

இறங்கி வந்த அண்ணன் அழுதுகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மதினியிடம், "பாத்தியா? பாத்தியா?" என்றார்.

மதினி என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

"தரையப் பாத்தோம்," என்றார் அவரிடம். "ஒண்ணும் விழல."